நடக்கிற பல்கீஸும் கிடக்கிற பல்கீஸும்

குடாக்கரை எலும்பு மூட்டு மேன்மை நிலையத்துக்குள் போகிற எவரும் பல்கீஸின் காலுக்குக் கீழாலேதான் போகவேண்டும். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில், உள்துறைமுகத்தைப் பார்த்து நிற்கிற கட்டிடம் அது. வாசலுக்கு மேலே பென்னம்பெரிய பதாகை. பதாகையில் மூதூர் பல்கீஸ், நீல முக்காடு போட்டு, இடுப்பில் தயிர்ச் சட்டியை அணைத்துப் பிடித்து, பல் தெரியச் சிரித்தபடி நடந்து வருவாள். கீழே கொட்டை எழுத்தில் இரண்டு வரி: ‘எங்கள் மூட்டு தளராது. வெற்றி நூறு வீதம்.’

அந்த நிலையத்தில் முதன்முதலாக இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவள் அவள்தான். படம் பிடிக்க வந்தவர் அவளை முற்றத்தில் போகவும் வரவும் விட்டுக் களைக்கப் பண்ணினார். சட்டிக்குள் தயிர் இருந்தால் பாரத்தில் முகம் இறுகுகிறது என்று கடைசியில் வெறும் சட்டியைக் கையில் கொடுத்தார். அந்தச் சிரிப்பு வெறும் சட்டிக்கு வந்த சிரிப்பு.

அதே பதாகைக்குக் கீழால்தான் அன்றைக்கு அவளை மல்லாக்கக் கிடத்தித் தள்ளிக்கொண்டு போனார்கள். தன்னைத் தானே தலைகீழாகப் பார்த்தாள் பல்கீஸ். நோவுக்குள்ளும், ‘எத்தனை பல்லுடி உனக்கு’ என்று அவளுக்குத் தோன்றியது.

நடந்தது பெரிய கதை ஒன்றுமில்லை. கடைக்குக் கொடுக்கவேண்டிய தயிர்ச் சட்டியோடு காலையில் முற்றத்தில் இறங்கியவள் மழை ஈரத்தில் சறுக்கினாள். விழுகிறபோதும் சட்டியை விடவில்லை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தாள். சட்டியில் ஒரு கீறல் இல்லை. தொடை எலும்புதான், மாற்று மூட்டின் கம்பி இறங்கியிருந்த இடத்திலேயே முறிந்துபோனது.

முறிந்த எலும்பைவிட அவளைப் பயப்படுத்தியது வேறொன்று. அவளுடைய கணவர் மஹ்ரூபின் ராத்தா, அவருக்கு மூத்த சகோதரி, இதேபோலத் தொடை முறிந்து விழுந்தவள். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று எல்லாரும் பொறுத்துப் பார்த்ததில் அவள் பாயைவிட்டு எழும்பவே இல்லை. முதுகு புண்ணாகி, நெஞ்சில் சளி கட்டி, கடைசியில் மையவாடிக்குத்தான் போனாள். அந்த மையித்தைக் குளிப்பாட்டியது பல்கீஸ். ஆகையால் நாலாம் வாட்டில் அவளைக் கட்டிலில் போட்டு, காலில் எடை கட்டித் தொங்கவிட்டதும் அவள் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான்.

“என்னை ஒருக்கா எழுப்பி நிப்பாட்டி விடுங்க, மிஸ்ஸி. வேற ஒண்டும் வேணாம்.”

வாட்டுப் பொறுப்பிலிருந்த தாதி நிரோஜினி போர்வையைச் சரிசெய்தாள். “நிப்பாட்டலாம் அம்மா. ஆனா ஆர் நிப்பாட்டுறது எண்டு முதல்ல முடிவெடுக்கோணும்.”

அது என்ன முடிவு என்று பல்கீஸுக்கு விளங்கவில்லை. டொக்டர்மார் வாட்டைச் சுற்றிவரும் காலை உலாவில் விளங்கத் தொடங்கியது.

முதலில் வந்தவர் மூட்டுப் பிரிவின் தலைவர் டொக்டர் சிவகுருநாதன். பின்னால் இளம் டொக்டர்மாரின் ஊர்வலம். எக்ஸ்ரேயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, துறைமுகத்தில் நின்ற கப்பலும் சேர்ந்து தெரிய நெடுநேரம் பார்த்தார்.

“கம்பி எங்கட. கம்பியில ஒரு குறையும் இல்லை,” என்றார். “எலும்புதான் முறிஞ்சிருக்கு. எலும்பு உங்கட சொந்த எலும்பு, அம்மா. அது நாங்கள் போட்டதில்லை.”

“ஒரு வருசமா கதிரையால எழும்பக்குள்ள தொடைக்குள்ள ஒரு குத்து இருந்த, டொக்டர்.”

“அது ஞாபகம். ஞாபகத்தை எக்ஸ்ரேயில பாக்கேலாது.”

ஊர்வலம் அதை எழுதிக்கொண்டது. முறிவென்றால் முறிவுப் பிரிவுக்கு என்று கையைக் காட்டிவிட்டு மூட்டுப் பிரிவு அடுத்த கட்டிலுக்குப் போனது.

பின்னேரம் முறிவுப் பிரிவின் தலைவர் டொக்டர் ஹஸ்மி வந்தார். கனிவான மனிதர். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளுக்கு விளங்கும்படி சொன்னார்.

“இஞ்ச பாருங்க உம்மா. உள்ளுக்க இருக்கிற கம்பி இறுக்கமா இருந்தா, எலும்புக்கு வெளிப்பக்கத்தால தகடு வச்சு, வயரால சுத்தி இறுக்கிடலாம். அது எங்கட வேலை. கம்பி தளர்ந்து ஆடினா, அதைக் கழட்டிப்போட்டு நீளமான கம்பி ஒண்டு இறக்கணும். அது மூட்டுப் பிரிவுட வேலை. எனக்கெண்டா கம்பி ஆடுற மாதிரித்தான் தெரியுது.”

“அப்ப அவங்களைக் கழட்டச் சொல்லுங்களேன்.”

“ஆடுது எண்டு அவங்க ஒத்துக்கொள்ளணுமே. வாசல்ல தளராது எண்டு எழுதி வச்சிருக்காங்க.” ஹஸ்மி பெருமூச்சு விட்டார். “ஆடுற கம்பிக்கு மேல நான் தகடு வச்சா, தகடு உடையும். எங்கட பிரிவில இதுவரைக்கும் ஒரு தகடும் உடைஞ்சதில்லை உம்மா. உடையக்கூடிய ஆக்களுக்கு நாங்க தகடு வைக்கிறதே இல்லை.”

இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் உண்மையான பெருமை இருந்தது. பல்கீஸும் மரியாதைக்குத் தலையாட்டினாள்.

மஹ்ரூப் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் நின்றார். மூதூரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். ஆட்டம் கண்ட கம்பியைக் கையால் அசைத்துப் பார்த்தே சொல்லிவிடலாமே என்று அவருக்குப் பட்டது. ஆனால் சைக்கிளும் மனிசியும் ஒன்றல்ல என்று வாயை மூடிக்கொண்டார். அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது இன்னொன்று. எந்தக் கந்தோர், எந்த அலுவலகம் என்றாலும் உள்ளே ஒரு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். ஆள் இருந்தால் கதவு திறக்கும், இல்லாவிட்டால் வெளியே வாங்கில் குந்தியிருக்கவேண்டியதுதான்.

“நீ யோசிக்காத. நான் ஒரு ஆளைப் பிடிக்கிறன்,” என்று சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார்.

மஹ்ரூப் ஆள் பிடிக்கப் போன வேளையில் நிலையம் சும்மா இருக்கவில்லை. ‘தொடை எல்லை நிர்ணயக் குழு’ என்று ஒன்றை அமைத்தது. குழு வாட்டுக்கு வந்தது. திரை இழுத்து, நிரோஜினியைப் பக்கத்தில் நிறுத்தி, போர்வையை அளவாக விலக்கி, பல்கீஸின் தொடையில் நீல மையால் குறுக்கே ஒரு கோடு போட்டது. கோட்டுக்கு மேலே மூட்டுப் பிரிவு, கோட்டுக்குக் கீழே முறிவுப் பிரிவு. எல்லாருக்கும் திருப்தி. பிறகு எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முறிவு சரிவாக ஓடி, மேலே தொடங்கிக் கீழே முடிந்திருந்தது. எல்லையைப் பற்றி அதற்கு ஒரு யோசனையும் இருந்ததாகத் தெரியவில்லை. குழு தேநீருக்குக் கலைந்தது.

“உந்தக் கோட்டை உடம்பு துடைக்கேக்க அழிச்சுப்போடாதேங்கோ அம்மா,” என்றாள் நிரோஜினி. “அழிஞ்சா திரும்பவும் ஆக்கள் வருவினம்.”

அடுத்த கூட்டம் கம்பி ஆடுகிறதா இல்லையா என்பதற்கு. பேச்சு முற்றி, யாரும் யாரையும் ஒப்புக்கொள்ளாத இடத்தில், வாக்கெடுப்புக்கு விட்டார்கள். மூட்டுப் பிரிவில் டொக்டர்மார் அதிகம். மயக்க மருந்து டொக்டர் நடுநிலை வகித்தார். கம்பி உறுதியாக இருக்கிறதென்று பெரும்பான்மையால் தீர்மானமாயிற்று. தீர்மானத்தை நிரோஜினி வந்து சொன்னாள்.

பல்கீஸ் தொடையில் கை வைத்துப் பார்த்தாள். “அவங்க கையைத் தூக்கின நேரம் எனக்கு உள்ளுக்க இறுகினதாத் தெரியல்லையே, மகள்.”

“எனக்கும் உங்கட முகத்தைப் பாக்க அப்பிடித் தெரியேல்லை.”

பெரும்பான்மையால் உறுதியான கம்பிக்கு மேல் தகடு வைக்க ஹஸ்மி மறுத்துவிட்டார். ஆகவே எல்லாம் பழைய இடத்திலேயே நின்றது. எடை மட்டும் காலை இழுத்துக்கொண்டே தொங்கியது.

மஹ்ரூப் பிடித்த ஆட்களின் கதையும் கேட்கவேண்டியதுதான். மின்சாரக் கந்தோரில் ஒருவர் இருந்தார். அவருடைய மச்சான் துறைமுக வாசலில் காவல். அந்த மச்சானுக்கு நிலையத்தின் உள்ளேயே ஒரு ஆள் இருக்கிறாராம், நினைத்த நேரம் போய்வருகிற ஆளாம். மஹ்ரூப் கிண்ணியா பிஸ்கட் கடையில் நல்லதாக ஒரு பெட்டி கட்டிக்கொண்டு போய் அந்த ஆளைக் கண்டார். வரவேற்பறையில் உள்ள மீன்தொட்டியைக் கழுவுகிறவர் அவர். தங்கமான மனிதர். மீனைப் பற்றி என்ன உதவி வேண்டுமென்றாலும் கேட்கச் சொன்னார்.

இப்படியிருக்கும்போதுதான் நிலையத்தின் பணிப்பாளர் டொக்டர் கனகசுந்தரம் வாட்டைப் பார்வையிட வந்தார். மேல் மாடியிலிருந்து அவர் இறங்குவதே அபூர்வம். தேநீர் கேட்பதென்றாலும் மேடைத் தமிழில் கேட்கிறவர் என்று பெயர். ஒரு காலைக் கொஞ்சம் விறைப்பாக வைத்து நடப்பார். வாட்டின் நடுவில் நின்று, எவரும் கேட்காமலே பேசத் தொடங்கினார்.

“இந்நிலையத்தின்மீது எனக்குள்ள நம்பிக்கை அளவிட முடியாதது. எனது முழங்கால் மூட்டை மாற்றவேண்டி வந்தபோது, நமது மருத்துவர்களின் கைகளிலேயே அதனை ஒப்படைக்க எனது உள்ளம் துடித்தது. எனினும், ஏழை நோயாளி ஒருவரின் இடத்தை நான் பறித்துவிடக் கூடாதென்ற ஒரே காரணத்தினால், பெரும் மனவருத்தத்துடன் சிங்கப்பூர் சென்றேன்.”

எல்லாரும் கைதட்டினார்கள். படுத்திருந்தபடியே பல்கீஸும் தட்டினாள். தட்டிவிட்டு, இதுதான் தருணம் என்று வாயைத் திறந்தாள்.

“சேர், வாசல் போஸ்டர்ல இருக்கிறது நான்தான். என்னை ஒருக்கா எழுப்பி விடச் சொல்லுங்க.”

பணிப்பாளர் அவளைப் பார்த்தார். காலில் தொங்கிய எடையையும் பார்த்தார். “அந்த அம்மையார் நடந்துகொண்டிருக்கிறார்.”

“நானும் நடந்துபோய்த்தான் விழுந்த, சேர்.”

“விழுந்திருந்தால் நீங்கள் அவராக இருக்க முடியாது. அவருடைய மூட்டு தளராது. அவர் இந்நிலையத்தின் முகம். இப்படிப் படுத்துக்கொண்டு அவருடைய நற்பெயருக்குக் களங்கம் ஏற்படுத்துவது முறையல்ல.”

மஹ்ரூப் அவசரமாக அடையாள அட்டையை நீட்டினார். பெயர் ஒன்றுதானே என்றார். மூதூரில் எத்தனையோ பல்கீஸ்கள் இருப்பார்கள் என்றார் பணிப்பாளர். படத்தையாவது பாருங்கள் என்றார் மஹ்ரூப். அடையாள அட்டைக்கு எவரும் சிரிப்பதில்லை, ஆகவே ஒப்பிட முடியாது என்றார் பணிப்பாளர். ஆனாலும் நீதி தவறாத மனிதர் என்பதால் அங்கேயே ஒரு பரீட்சை வைத்தார். எங்கிருந்தோ ஒரு நீலத் துணி வந்தது. தயிர்ச் சட்டிக்குப் பதிலாக முகம் கழுவுகிற சில்வர் பேசின் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். ஒருவர் பதாகையின் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டிப் பிடித்தார்.

“இப்போது சிரியுங்கள்.”

பல்கீஸ் சிரித்தாள். தன்னாலான மட்டும் சிரித்தாள். பேசினைத் தூக்கியதில் தொடைக்குள் எலும்பு அசைய, சிரிப்பு பாதியில் கோணிப்போனது. முக்காடு ஒத்துப்போகிறது, சிரிப்பு ஒத்துப்போகவில்லை என்று முடிவு சொல்லிவிட்டுப் பணிப்பாளர் மேலே போனார்.

அன்றைக்குத்தான் பல்கீஸ் அழுதாள். விழுந்தபோதும் அழாதவள், மஹ்ரூப் போனபிறகு முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு அழுதாள். குதிகால் காந்தத் தொடங்கியிருந்தது. இருமினால் நெஞ்சுக்குள் ஏதோ கரகரத்தது. ராத்தாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது என்று அவளுக்கு நன்றாக ஞாபகம். நிரோஜினி பக்கத்தில் வந்து, மூச்சை இழுத்து இழுத்து விடுங்கோ என்று சொல்லிக்கொடுத்தாள். அதைத் தவிர அந்தப் பெண்ணாலும் வேறெதுவும் செய்ய ஏலாது. பல்கீஸ் இழுத்து இழுத்து விட்டாள். சாகிறதுக்குப் பயமில்லை, படுத்துக்கொண்டே சாகிறதுக்குத்தான் பயம்.

மறுநாள் பார்வை நேரத்தில் மஹ்ரூப் ஒரு மாதிரியான முகத்தோடு வந்தார். கையில் தங்கக் கரை போட்ட தடித்த அழைப்பிதழ். மூதூர் வீட்டுக்கு ஆள் வைத்து அனுப்பியிருந்தார்கள்.

“அடுத்த மாசம் இவங்களுக்கு ஆண்டு விழாவாம்,” என்றார். “நீதானாம் சிறப்பு விருந்தாளி. நிலையத்தின் முகம், திருமதி பல்கீஸ் மஹ்ரூப் அவர்கள் மேடையில நடந்து வந்து விளக்கேத்துவாங்களாம்.”

பல்கீஸ் அழைப்பிதழை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து தலையணைக்குப் பக்கத்தில் இருந்த அவளுடைய கைத்தொலைபேசி அடித்தது.

“வணக்கம் அம்மா. பணிப்பாளர் கனகசுந்தரம் பேசுகிறேன். அழைப்பிதழ் தங்கள் இல்லம் வந்து சேர்ந்ததா?”

மேல் மாடியிலிருந்து பேசுகிறார். நேற்றைய அதே குரல்தான், ஆனால் அதில் இன்றைக்குப் பாலும் தேனும் ஓடியது. தங்களைப்போன்ற ஒருவர் எங்களுக்குக் கிடைத்தது எங்கள் பாக்கியம் என்றார். தங்களுக்கு இந்நிலையத்தால் என்ன ஆகவேண்டுமென்றாலும் தயங்காமல் கூறுங்கள் என்றார்.

நான்தான் சேர் உங்கட வாட்டில கிடக்கிறன் என்று சொல்லத்தான் பல்கீஸ் வாயெடுத்தாள். அதை நேற்றே சொல்லியாயிற்று, பேசினோடு சிரித்தும் காட்டியாயிற்று. பக்கத்தில் மஹ்ரூப் நிற்கிறார், ஊரெல்லாம் ஆள் தேடி அலைந்து செருப்புத் தேய்ந்த மனிதர். அவரைப் பார்த்ததும் அவளுக்கு வேறொரு வாய் வந்தது. வாழ்நாளில் எந்தக் கந்தோரிலும் எவருக்காகவும் ஒரு சொல் சொல்லிப் பழக்கமில்லாதவள், தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

“ஒரு சின்ன உதவி சேர். உங்கட நாலாம் வாட்டில எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்புள கிடக்கு. தொடை முறிஞ்சு, பாவம், ஒருத்தரும் கவனிக்கிறாங்க இல்ல.”

“தங்களுக்கு வேண்டியவரா? இதை ஏன் முன்பே கூறவில்லை?”

“அந்தப் புள்ள தானே சொல்லிப் பாத்திருக்கு. ஆக்கள் நம்பல்லையாம்.”

“வெட்கக்கேடு. நோயாளியின் பெயர் என்ன?”

“பல்கீஸ்.”

“பல்கீஸா?” என்று இழுத்தார் பணிப்பாளர்.

“எங்கட ஊரில எத்தனையோ பல்கீஸ், சேர்,” என்றாள் பல்கீஸ்.

“ஆமாம், ஆமாம், நானும் அதைத்தான் சொல்வது. கவலையை விடுங்கள் அம்மா. தாங்கள் சொல்லிவிட்டீர்களல்லவா.”

மஹ்ரூப் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார். இவ்வளவு நாளும் தேடின ஆள் தன்னுடைய வீட்டில், தன்னுடைய குசினியில், தனக்கே சோறு போட்டுக்கொண்டு இருந்திருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். சிவகுருநாதன் படியால் இறங்கி வந்தார், ஹஸ்மி படியால் ஏறி வந்தார், கட்டிலடியில் இருவரும் முட்டிக்கொள்ளாத குறை. நேற்றுவரை ஆருக்கும் வேண்டாத தொடை இப்போது இரண்டு பேருக்கும் வேண்டும். எல்லைக் கோடு முறிவுப் பிரிவுக்கு அநியாயமாகப் போடப்பட்டதென்று ஹஸ்மி வாதாடினார். கம்பி எங்கட, கம்பி இருக்கிற இடமெல்லாம் எங்கட என்றார் சிவகுருநாதன். ஆரோ பெரிய இடத்து ஆளின் சொந்தக்காரி என்று வாட்டெல்லாம் கதை பரவி, பக்கத்துக் கட்டில்காரிகள் பல்கீஸிடம் தங்களுக்காகவும் ஒரு சொல் சொல்லச் சொன்னார்கள். நிரோஜினி மட்டும் ஈரத் துணியால் அந்த நீலக் கோட்டைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே சத்திரசிகிச்சை. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டு, முன்னால் பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். பல்கீஸுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் எல்லாம் கேட்டது. பழைய கம்பியைக் கழட்டச் சுத்தியலைக் கேட்டார் சிவகுருநாதன். ஆரோ எடுத்துக் கொடுத்தார்கள். பல்கீஸ் ஓதிக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை.

“சுத்தியல் வேண்டாம்,” என்றார் சிவகுருநாதன். தயிருக்குள்ளிருந்து அகப்பையை எடுப்பதுபோல கம்பி கையோடு வந்திருக்க வேண்டும்.

திரைக்கு அந்தப் பக்கம் அது தட்டில் விழுகிற சத்தம் கேட்டது.

“உறுதியான கம்பிதான்,” என்றார் அவர் பிறகு. “முன்னெச்சரிக்கையா மாத்துறம்.”

“ஓம், முன்னெச்சரிக்கையா,” என்றார் ஹஸ்மி.

உள்ளதைச் சொல்லவேண்டும், இருவரும் கைதேர்ந்தவர்கள். ஒருவர் நீளக் கம்பியை முறிவையும் தாண்டி நல்ல எலும்புக்குள் இறக்கினார். மற்றவர் உடைந்த துண்டுகளைச் சேர்த்து வயரால் சுற்றி இறுக்கினார். ஒருவருக்கொருவர் வழிவிட்டு, ஒரே கையாக வேலை செய்தார்கள். இவ்வளவு நன்றாகத் தெரிந்த வேலையைச் செய்யாமல் இருக்கத்தான் எத்தனை கூட்டம் என்று பல்கீஸ் அரை உறக்கத்தில் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் நிரோஜினியும் இன்னொரு தாதியும் இரண்டு பக்கமும் பிடித்து, நான்கு கால் நடைவண்டியை முன்னால் வைத்து, அவளை எழுப்பினார்கள். அந்தக் காலில் முழுப் பாரம் வைக்காதேங்கோ, பாதி போதும் என்றார்கள். நிலம் குளிர்ந்தது. பல்கீஸ் நின்றாள். யன்னலுக்கு வெளியே துறைமுகமும் அதற்கப்பால் மூதூர்ப் பக்கத்துக் கரையும் நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றைப் படுத்திருந்து பார்த்ததைவிட நின்று பார்க்க நன்றாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

ஆண்டு விழா அன்றைக்கு நிலையம் சோடனையில் மினுங்கியது. பணிப்பாளர் மேடையில் நின்று, நூறு வீதத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். முன்னேறாத நிறுவனம் தேய்ந்த நிறுவனம், நூறு வீதத்தோடு நின்றுவிட நாம் சோம்பேறிகளல்ல என்றார்.

“முதலில், இந்நிலையத்தின் முகமான திருமதி பல்கீஸ் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்.”

பல்கீஸ் நடைவண்டியைத் தூக்கி வைத்துத் தூக்கி வைத்து ஏறினாள். நடைவண்டி ஏன் என்று எவரும் கேட்கவில்லை. பெரியவர்களுக்குக் கையில் ஏதாவது இருக்கும்தானே. விளக்கை ஏற்றினாள். பூச்செண்டு கொடுத்தார்கள். கைதட்டினார்கள்.

“அடுத்ததாக, இவ்வம்மையாரின் கருணையால் எமது கவனத்துக்கு வந்து, இரு பிரிவுகளின் ஒத்துழைப்பால் எழுந்து நடமாடும் நோயாளி பல்கீஸ் அவர்களை அழைக்கிறேன். அவருக்கான பூச்செண்டைத் திருமதி பல்கீஸ் அவர்களே வழங்குவார்.”

பல்கீஸ் மஹ்ரூபைப் பார்த்தாள். மஹ்ரூப் நிலத்தைப் பார்த்தார். அவள் நடைவண்டியோடு நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுத் திரும்பி, வலது கையில் இருந்த செண்டை இடது கைக்கு மாற்றி, சபையைப் பார்த்துத் தலையாட்டினாள். இந்த முறை கைதட்டல் இன்னும் பலம். முன்வரிசையில் சிலர் எழும்பியும் நின்றார்கள். பின்னால் நின்ற நிரோஜினி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

அதன்பிறகு புதுப் பதாகை. அதில் பழைய பல்கீஸ் ஒரு பக்கம், நடைவண்டியோடு புதிய பல்கீஸ் மறுபக்கம். கீழே: ‘வெற்றி இருநூறு வீதம்.’ முதல் ஆணியைத் தானே அடிப்பதாகப் பணிப்பாளர் சொல்லியிருந்தார். சும்மா நின்று அடித்தால் படத்தில் விழாது என்று படம் பிடிப்பவர் ஒரு சின்ன ஏணியைக் கொண்டுவந்து போட்டார். பணிப்பாளர் ஏறினார். சுத்தியலை ஓங்கி, படத்துக்காகத் திரும்பிச் சிரித்தார். சிரித்தவர் அப்படியே வந்தார். ஏணி ஒரு பக்கம், சுத்தியல் ஒரு பக்கம், பணிப்பாளர் இருநூறு வீதத்துக்குக் கீழே.

மூதூரில் பல்கீஸ் பிறகு ஒரு பெரிய ஆளாகிவிட்டாள். எலும்பு ஆஸ்பத்திரியில் அவளுக்குச் செல்வாக்கு இருக்கிறதாம் என்று ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். மகனுக்கு மணிக்கட்டு, மாமிக்கு முழங்கால், ஒரு சொல் சொல்லிவிடுங்க என்பார்கள். முதலில் கூச்சப்பட்டாள். பிறகு பழகிவிட்டது. குசினிக் கதிரையில் உட்கார்ந்து, நான் போஸ்டர்ல இருக்கிற பல்கீஸ் கதைக்கிறன் என்று தொடங்குவாள், அந்தப் பக்கம் வேலை நடக்கும்.

ஒருநாள் தயிருக்குப் பால் காய்ச்சிக்கொண்டு நிற்கும்போது தொலைபேசி அடித்தது.

“அம்மா. நான் கனகசுந்தரம்.”

குரலில் பாலும் இல்லை, தேனும் இல்லை. மேடைத் தமிழும் எங்கோ போயிருந்தது.

“சொல்லுங்க சேர்.”

“ஏணியால விழுந்த நாளிலயிருந்து நாலாம் வாட்டில கிடக்கிறன் அம்மா. முழங்கால் மூட்டுக்கு மேல, தொடை எலும்பு முறிஞ்சுபோச்சு. மூட்டுப் பிரிவு சொல்லுது, உது சிங்கப்பூர்ச் சாமான், எங்களுக்குச் சம்பந்தமில்லையெண்டு. முறிவுப் பிரிவு மூட்டுக்குக் கிட்ட வரமாட்டுதாம். கோடு போட்டிட்டினம்.”

“நீங்கதானே சேர் பணிப்பாளர். ஒரு சொல்லுச் சொன்னாப் போதாதா?”

“சொன்னனான். பணிப்பாளர் மேல் மாடியில இருப்பார், நீர் கீழ கிடக்கிறீர் எண்டு சொல்லுகினம். பதிலுக்கு ஒராளைப் போட்டிருக்கினம். அவர் வந்து பாத்திட்டு, என்னைச் சிரிக்கச் சொன்னவர்.”

பல்கீஸுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தக் கட்டிலும், யன்னலும், காலை இழுக்கிற எடையும் அவளுக்குத் தெரியும்.

“நோகுதா சேர்?”



“நோகுது அம்மா. நல்லா நோகுது.”

அவரை அறிந்த நாளிலிருந்து அந்த மனிதர் சொல்லிக் கேட்ட முதல் உண்மை அதுதான் என்று பல்கீஸுக்குப் பட்டது.

“போனை வையுங்க. மூச்சை இழுத்து இழுத்து விடுங்க, சளி கட்டாது,” என்றாள். அடுப்பைக் குறைத்தாள். கதிரையை இழுத்து, காலை நீட்டி உட்கார்ந்து, மேல் மாடிக்கு எடுத்தாள்.

“நான் போஸ்டர்ல இருக்கிற பல்கீஸ் கதைக்கிறன். உங்கட நாலாம் வாட்டில எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள் கிடக்கு. ஒருக்கா எழுப்பி நிப்பாட்டி விடுங்க.”

கனகசுந்தரத்துக்குப் பதிலாக வந்த பணிப்பாளர் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

“நிச்சயமாக அம்மா. பெரிய ஆளோ?”

“இல்ல சேர்,” என்றாள் பல்கீஸ். “விழுந்த ஆள்.”